கடவுளை நடுவராக அழைக்காத அறம்: தென்னாப்பிரிக்கா கட்டிய பொது நெறி

தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தில் 2023 டிசம்பரில் ஒரு திருமணச் சட்ட முன்வடிவு வைக்கப்பட்டது. 1961, 1998, 2006 ஆகிய ஆண்டுகளின் மூன்று சட்டங்களில் சிதறிக் கிடக்கும் திருமண விதிகளை ஒன்றாக்குவது அதன் நோக்கம். எந்த மதத்தின்படி, எந்த வழக்கத்தின்படி நடந்த மணமானாலும் ஒரே அளவுகோல் என்கிறது அது. கோயிலில் தாலி கட்டிக்கொண்ட டர்பன் தமிழர்களுக்கு இது பாதுகாப்பா, இடையூறா என்ற குழப்பம் இயல்பாகவே எழுகிறது.

அந்தக் குழப்பத்துக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. மதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எது சரி, எது தவறு என்று ஒரு நாடு முழுவதற்கும் யார் சொல்வது? எந்த உரிமையில் சொல்வது? இந்த இரண்டாவது கேள்வி தெளிந்தால்தான் முதல் கேள்விக்குப் பதில் கிடைக்கும். அதனால் அடித்தளத்திலிருந்தே தொடங்குவோம்.

முதலில் நான்கு சொற்கள்

1. அறம்: பிறரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பது பற்றிய உணர்வும் வழக்கமும்.

2. மதம்: நம்பிக்கை, வழிபாடு, சடங்கு, சமூகம் நான்கும் சேர்ந்தது. மதம் அறத்தையும் போதிக்கிறது. ஆனால் அதோடு நிற்பதில்லை. எங்கிருந்து வந்தோம், இறந்தபின் எங்கே போகிறோம் என்பதற்கும் பதில் தருகிறது.

3. சட்டம்: அரசு தண்டனை கொடுத்து நடைமுறைப்படுத்தும் விதி. எல்லா அறமும் சட்டமாகாது. நோயில் கிடக்கும் தாயைப் போய்ப் பார்க்காதவரை ஊர் தூற்றும், காவலர் கைது செய்ய மாட்டார்.

4. பொது நெறி: மேலே சொன்ன மூன்றுக்கும் இடையில் இருப்பது. ஒரே நாட்டில் வாழும் எவரும் வேறு எவரிடமும் உரிமையோடு எதிர்பார்க்கக்கூடிய அறத்தின் பகுதி. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அதற்குச் சொல்லும் காரணம், எந்த வேதத்தை நம்புகிறவரும், எதையும் நம்பாதவரும் எடைபோட்டுப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

மதம் சாராத பொது நெறி என்றாலே நாத்திகம் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். டர்பனில் உள்ள ஒரு வீட்டை நினைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள தூரம் புரியும். அண்ணன் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார், தம்பி பெந்தெகொஸ்தே சபைக்குப் போவார். அப்படிப்பட்ட குடும்பங்கள் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஏராளம். தகப்பனார் இறந்துவிட்டால் என்ன செய்வார்கள்? யாருடைய கடவுள் மெய்யானவர் என்று முற்றத்தில் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. இறந்தவர் எதை விரும்பினாரோ அதன்படி அடக்கம் நடக்கும். சடங்கில் கலந்துகொள்ள மனமில்லாதவரை யாரும் வற்புறுத்த மாட்டார்கள். செலவைப் பகிர்ந்துகொள்வார்கள். அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்பதை எல்லோரும் உட்கார்ந்து பேசுவார்கள். இந்த நான்கில் ஒன்றுக்கும் மதத்தின் பெயரில் காரணம் சொல்லத் தேவையில்லை. அதே வேளையில் அண்ணனோ தம்பியோ தன் நம்பிக்கையை ஒரு துளியும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரு வீட்டில் நடப்பது ஆறு கோடிப் பேர் வாழும் நாட்டில் நடக்குமா என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

ஒரு மதத்தின் அளவுகோல் சட்டமானபோது

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த டுரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 ஒப்பந்தக் கூலிகள் நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதி சென்னை மாகாணத்தவர். கரும்புத் தோட்டங்களில் அவர்கள் செய்துகொண்ட திருமணங்களுக்கு ஊராரும் உறவினரும் சாட்சி. அரசுப் பதிவேட்டில் பெயர் இருந்தது சிலருக்கு மட்டுமே.

1913 மார்ச்சில் கேப் மாகாண நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்பு அளித்தார். வழக்கு ஒரு முஸ்லிம் பெண் நாட்டுக்குள் நுழைவது பற்றியது. பலதார மணத்தை அனுமதிக்கும் மதத்தின் சடங்குப்படி நடந்த திருமணம் சட்டத்தின் கண்ணில் திருமணமே ஆகாது என்றார் அவர். கணவனுக்கு மனைவி ஒருத்திதான் என்றாலும் மாற்றமில்லை. மதம் அனுமதிக்கிறது என்பதே குற்றமாகிவிட்டது. நடைமுறையில் கிறிஸ்தவ முறைப்படி நடந்தவையும் முறையாகப் பதிவானவையும் மட்டுமே மிஞ்சின. மற்ற ஆயிரக்கணக்கான இந்திய மனைவியர் ஒரே நாளில் சட்டப்படி மனைவியர் அல்லாதவர் ஆனார்கள். பிள்ளைகளின் வாரிசுரிமையும் ஆட்டங்கண்டது.

அந்த ஆண்டு சத்தியாக்கிரகத்தில் பெண்கள் இறங்கியதற்கு ஒப்பந்தம் முடிந்தும் நாட்டில் தங்கியவர்கள்மேல் விதிக்கப்பட்ட மூன்று பவுன் வரியோடு இந்தத் தீர்ப்பும் முக்கியக் காரணம். டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட பெண்களில் பெரும்பாலோர் தமிழர்கள். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தவர்கள் அவர்களே. ஜோகனஸ்பர்க்கில் வளர்ந்த வள்ளியம்மை மாரிட்ஸ்பர்க் சிறையில் நோய்வாய்ப்பட்டு, 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் உயிர்விட்டார். தமிழ்நாட்டில் தில்லையாடி வள்ளியம்மை என்று நாம் போற்றும் அதே சிறுமிதான். 1914ஆம் ஆண்டின் இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுன் வரியை நீக்கியது, ஒருதார இந்தியத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பும் தந்தது.

ஒரு மதத்தாரின் அறம் எல்லோருக்குமான அளவுகோலாக வைக்கப்பட்டால் வெளியே நிற்பவருக்கு என்ன நேரும் என்பதை நம் முன்னோர் அனுபவித்தே அறிந்தார்கள். ஆனால் நாடு அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை.

இனஒதுக்கலுக்கு வேதம் சாட்சி சொன்ன காலம்

இனஒதுக்கல் ஆட்சி தன்னைக் கடவுளுக்கு எதிரானதாகக் கருதவில்லை. 1983 அரசியலமைப்பின் முகப்புரை எல்லாம் வல்ல இறைவனுக்குப் பணிந்து தொடங்கியது. அதே அரசியலமைப்புதான் வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் ஆகிய மூவருக்கும் தனித்தனி அவைகள் வைத்து, பெரும்பான்மைக் கறுப்பின மக்களுக்கு ஒரு நாற்காலிகூட இல்லாமல் செய்தது. வெள்ளை டச்சு சீர்திருத்தச் சபை, கடவுள் மனிதரின் மொழியைப் பலவாக்கி அவர்களைச் சிதறடித்ததாக பைபிள் சொல்லும் பாபேல் கோபுரக் கதையைக் காட்டி, இனங்கள் பிரிந்து வாழ்வது இறைத்திட்டத்துக்கு ஒத்தது என்று 1974 அறிக்கையில் வாதிட்டது.

எதிர்த்தவர்களும் அதே வேதத்தைத்தான் கையில் எடுத்தார்கள். 1982இல் ஒட்டாவாவில் கூடிய உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு, இனஒதுக்கலை நியாயப்படுத்தும் இறையியல் ஒரு மதப்புரட்டு என்று அறிவித்தது. டெஸ்மண்ட் டூட்டு போன்றவர்கள் தங்கள் விசுவாசத்தின் வலிமையில்தான் அந்த ஆட்சியை எதிர்கொண்டார்கள். இந்து, இஸ்லாமியத் தலைவர்களும் அப்படியே. ஆகவே மதம் தீமையின் பக்கம் நின்றது என்று சொல்வது பாதி உண்மைதான், அது நியாயமும் ஆகாது.

இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. பாபேல் கதைக்கு எந்த விளக்கம் சரி என்ற வாதம் பல பத்தாண்டுகள் சபைக்குள்ளேயே நடந்தது. அந்த வாதத்தின் முடிவைப் பொறுத்தே டர்பனின் காடோ மேனர் பகுதியில் ஒரு தமிழரின் வீடு இடிபடுமா, நிற்குமா என்பது இருந்தது. ஆனால் அந்தத் தமிழருக்கு வாதத்தில் இடம் இல்லை. அவர் அந்த வேதத்தை நம்புகிறவர் அல்ல. தன்னால் கேள்வி கேட்கவே முடியாத காரணத்தால் தான் ஆளப்படுவது எவ்வளவு நல்ல காரணமாக இருந்தாலும் அநீதிதான். மதம் சாராத பொது நெறி வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான வாதம் இதுவே.

கடவுள் பயம் இல்லாவிட்டால்?

எல்லா இடத்திலும் கேட்கும் எதிர்வாதம் இது. மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற பயம் போய்விட்டால் யார் ஒழுங்காக நடப்பார்கள்? அக்கறையோடு கேட்கப்படும் கேள்விதான். ஆனால் இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

(அ) நான் ஏன் நல்லவனாக இருக்க வேண்டும்? இது மனத்தைச் செலுத்தும் விசை பற்றியது.

(ஆ) நான் சொல்லும் விதியை நீங்கள் ஏன் ஏற்க வேண்டும்? இது காரணம் பற்றியது.

பொது நெறி பதில் சொல்லக் கடமைப்பட்டது இரண்டாவதற்கு மட்டும். முதலாவதை அவரவர் வீட்டுக்கும் கோயிலுக்கும் மனசாட்சிக்கும் விட்டுவிடலாம். முருகனுக்குப் பயந்து பொய் சொல்லாதவரும், இயேசுவுக்காகப் பொய் சொல்லாதவரும், பொய் அசிங்கம் என்பதால் சொல்லாதவரும் நீதிமன்றத்தில் ஒரே வகைச் சாட்சிகள்தான்.

1940களின் இறுதியில் உலக மனித உரிமைப் பிரகடனத்துக்கான ஆயத்தங்கள் நடந்தபோது பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஜாக் மரித்தேன் இதைச் சொன்னார். உரிமைகள் எவை என்பதில் ஒத்துப்போகிறோம், ஏன் என்று யாரும் கேட்காதவரை. பலர் இதைக் கேலியாக எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அது ஒரு கட்டுமான வழிமுறை. அடிவேர் வெவ்வேறாக இருக்கலாம், நிழல் ஒன்றாக இருந்தால் போதும். 1948 டிசம்பர் 10 அன்று 48 நாடுகள் அந்தப் பிரகடனத்துக்கு வாக்களித்தன. எதிர்த்து வாக்களித்த நாடு ஒன்றுமில்லை. வாக்களிக்காமல் ஒதுங்கிய எட்டில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று.

சரியாக 48 ஆண்டுகள் கழித்து, 1996 டிசம்பர் 10 அன்று, நெல்சன் மண்டேலா புதிய அரசியலமைப்பில் கையெழுத்திட்டார். கையெழுத்திட்ட இடம் ஷார்ப்வில். 1960 மார்ச் 21 அன்று காவல் துறை 69 பேரைச் சுட்டுக் கொன்ற ஊர் அது.

அந்த அரசியலமைப்பிலும் ஒரு பிரார்த்தனை இருக்கிறது. முகப்புரையின் முடிவில் கடவுள் நம் மக்களைக் காக்கட்டும் என்ற வரி பல மொழிகளில் வருகிறது. ஆனால் ஒரு பிரிவும் அந்த வரியின் மேல் நிற்கவில்லை. பதவியேற்பவர் விரும்பினால் கடவுள் பெயரால் ஆணையிடலாம், இல்லையென்றால் உளமார உறுதி கூறலாம். இரண்டுக்கும் ஒரே மதிப்பு. பிரான்சின் வழி வேறு. 2004ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளிகளில் வெளிப்படையாகத் தெரியும் மத அடையாளங்களைத் தடுக்கிறது, பிரான்சின் ஆட்சியிலுள்ள ரீயூனியன் தீவின் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். தென்னாப்பிரிக்காவின் 15ஆவது பிரிவோ அரசு நிறுவனங்களிலும் வழிபாட்டை அனுமதிக்கிறது. எல்லா மதத்துக்கும் நியாயமான இடம் இருக்க வேண்டும், கலந்துகொள்வது யாருக்கும் கட்டாயமாகக் கூடாது என்பவை முக்கிய நிபந்தனைகள்.

கட்டிய விதம்

2022 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்நாட்டில் சுமார் 85 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள், இந்துக்கள் ஏறக்குறைய 1 விழுக்காடு. பெரும்பான்மை தன் மதத்தையே பொது நெறியாக்கியிருக்க முடியும். செய்யவில்லை. எப்படித் தவிர்த்தார்கள் என்பதில்தான் மற்ற நாடுகளுக்கும் பயன்படும் செய்தி இருக்கிறது.

1. வாசகம் எழுதும் முன் எல்லைகளை ஒத்துக்கொண்டார்கள். 1993இன் இடைக்கால அரசியலமைப்பு 34 கோட்பாடுகளை வகுத்தது. யார் தேர்தலில் வென்றாலும் அவற்றை மீற முடியாது. தான் பெரும்பான்மையாவோமா சிறுபான்மையாவோமா என்று உறுதியாகத் தெரியாத நேரத்தில் எழுதப்படும் விதி பெரும்பாலும் நியாயமாக இருக்கும்.

2. மக்களைக் கேட்டார்கள். கடிதங்கள், மனுக்கள், கையெழுத்துகள் எல்லாம் சேர்த்து சுமார் 20 லட்சம் வந்து சேர்ந்தன.

3. எழுதியவர்களே மதிப்பெண் போட்டுக்கொள்ளவில்லை. 1996 செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் வரைவைத் திருப்பி அனுப்பியது. திருத்திய பிறகு டிசம்பர் 4 அன்றுதான் சான்றளித்தது.

4. அடித்தளத்தை மாற்றுவதைக் கடினமாக்கினார்கள். மனித மாண்பு, சமத்துவம், இனபேதமின்மை, பாலினபேதமின்மை ஆகியவற்றைச் சொல்லும் முதல் பிரிவைத் திருத்த நாடாளுமன்ற உறுப்பினரில் 75 விழுக்காட்டினரும், ஒன்பதில் ஆறு மாகாணங்களும் ஒப்ப வேண்டும்.

நம் மொழியின் பெயரும் அந்த ஆவணத்தில் உண்டு. மக்கள் பயன்படுத்தும் மொழிகளுக்கு மதிப்பு உறுதிசெய்யப்பட வேண்டும் என்று சொல்லும் ஆறாவது பிரிவில் தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது ஆகியவை இடம்பெற்றிருக்கின்றன.

உபுண்டு என்ற சொல்லையும் இங்கே அறிய வேண்டும். சூலு மொழியில் உமுண்டு ங்குமுண்டு ங்கபண்டு என்பார்கள். ஒருவர் மற்றவர்களால்தான் மனிதராகிறார் என்று பொருள். தமிழில் இதற்கு மிக அருகே வருவது ஒப்புரவு. ஊரோடு பொருந்தி, ஊருக்குப் பயன்பட்டு வாழ்வது. 1993 இடைக்கால அரசியலமைப்பின் நிறைவுரை பழிவாங்கல் வேண்டாம், புரிந்துகொள்ளல் வேண்டும் என்று சொல்லி உபுண்டுவையும் பெயர் சொல்லி அழைத்தது. 1996 வாசகத்தில் அந்தச் சொல் இல்லை. ஆனாலும் நீதிபதிகள் அதை விடவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே, மரண தண்டனையை ஒழித்த 1995 ஜூன் தீர்ப்பில், பல நீதிபதிகள் உபுண்டுவைக் காரணமாகச் சொன்னார்கள். பெரும்பான்மை மக்கள் மரண தண்டனையை விரும்பக்கூடும் என்பது தலைமை ஏற்ற ஆர்தர் சாஸ்கல்சனுக்குத் தெரியும். பெரும்பான்மையின் விருப்பமே முடிவு என்றால் உரிமைகளுக்கு நீதிமன்றம் எதற்கு என்பது அவர் வாதத்தின் சாரம்.

பிரம்பும் மூக்குத்தியும்

நெறி எழுத்தில் எப்படி இருக்கிறது என்பதைவிட, இரண்டு நன்மைகள் மோதும்போது எப்படி முடிவெடுக்கிறது என்பதில்தான் அதன் தரம் தெரியும். இரண்டு வழக்குகளைச் சேர்த்துப் படித்தால் அது விளங்கும்.

முதலாவது 2000ஆம் ஆண்டு தீர்ப்பு. 1996 பள்ளிச் சட்டம் மாணவரை அடிப்பதைத் தடை செய்தது. பிள்ளையைப் பிரம்பால் திருத்துவது வேத கட்டளை, எங்களுக்கு விலக்கு வேண்டும் என்று 196 தனியார் கிறிஸ்தவப் பள்ளிகளின் அமைப்பு கேட்டது. அவர்கள் நம்பிக்கை நேர்மையானது என்பதை நீதிபதி ஆல்பி சாக்ஸ் மறுக்கவில்லை. வேதத்தைத் தவறாகப் படிக்கிறீர்கள் என்று பாடம் நடத்தவும் இல்லை. நம்பிக்கையையும் மனசாட்சியையும் காரணம் காட்டி நாட்டின் எந்தச் சட்டத்திலிருந்தும் தானாகவே விலகிக்கொள்ள முடியாது, அதே சமயம் இயன்றவரை சட்டமா கடவுளா என்று பக்தரைத் தவிக்கவிடக் கூடாது என்று இரு பக்கமும் எடைபோட்டார். பெற்றோர் வீட்டில் தங்கள் நம்பிக்கைப்படி பிள்ளை வளர்ப்பதை அந்தச் சட்டம் தொடவில்லை, ஆசிரியர் கையில் பிரம்பு கூடாது என்பதே அதன் அளவு. விலக்கு கிடைக்கவில்லை. (வீட்டில் அடிப்பதற்கு இருந்த சட்டப் பாதுகாப்பும் 2019இல் போய்விட்டது.)

இரண்டாவது நம் வீட்டு வழக்கு. டர்பனில் ஒரு தமிழ் மாணவி 2004 பள்ளி விடுமுறையில் மூக்குக் குத்திக்கொண்டார். பள்ளியின் நடத்தை விதி அதை அனுமதிக்கவில்லை. பெண் பருவம் அடைந்ததும் மூக்குத்தி போடுவது தென்னிந்தியக் குடும்ப மரபு, 16 வயதில் பாட்டி வைர மூக்குத்தி போட்டுவிடுவார் என்று தாயார் எழுதிக் கொடுத்தார். டர்பன் சமத்துவ நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது. உயர் நீதிமன்றம் மாணவியின் பக்கம் நின்றது. 2007 அக்டோபர் 5 அன்று அரசியலமைப்பு நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி பயஸ் லங்கா தீர்ப்பளித்தபோது அந்த மாணவி பள்ளியை விட்டே போய்விட்டிருந்தார். ஆனாலும் கேள்விக்கு விடை வேண்டியிருந்தது.

மூக்குத்தி கட்டாயமான சடங்கா, விருப்பமான வழக்கமா என்று பள்ளித் தரப்பு கேட்டது. கட்டாயமில்லாவிட்டாலும் ஒருவருடைய அடையாளத்தில் அதற்கு இடமிருந்தால் பாதுகாப்பு உண்டு என்றது நீதிமன்றம். இது ஆழமான முடிவு. கட்டாயமானதற்கு மட்டுமே பாதுகாப்பு என்றால் எது கட்டாயம் என்று அரசாங்கம் பண்டிதர்களைக் கேட்க வேண்டி வரும், நீதிமன்றமே மடாதிபதி ஆகிவிடும். ஒரு மூக்குத்தியை விட்டால் நாளை எல்லாவற்றையும் விட வேண்டி வருமே என்ற அச்சத்துக்கு, மற்ற பிள்ளைகளும் தங்கள் மரபை வெளிப்படுத்த முன்வந்தால் அது பயப்பட வேண்டிய ஊர்வலமல்ல, பள்ளியை வளப்படுத்தும் பன்மை என்று லங்கா பதில் எழுதினார்.

பிரம்புக்கு இல்லை, மூக்குத்திக்கு உண்டு. கிறிஸ்தவருக்கு ஒரு நீதி, இந்துவுக்கு ஒரு நீதி என்று மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தோன்றலாம். இரண்டிலும் கேட்கப்பட்ட கேள்விகள் ஒன்றே. உரிமைகளை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தலாம் என்று சொல்லும் அரசியலமைப்பின் 36ஆவது பிரிவும் 2000ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமும் கேட்கச் சொல்பவற்றை எளிமையாக்கினால் இப்படி வரும்:

1. இந்த வழக்கத்தால் வேறொருவர் காயப்படுகிறாரா? பிரம்பால் ஒரு பிள்ளை அடிபடுகிறது, அதுவும் தன் சொந்தத் தீர்மானத்தால் அல்ல. மூக்குத்தி அணிந்தவரைத் தவிர யாரையும் தொடவில்லை.

2. விதியின் நோக்கம் எவ்வளவு முக்கியமானது? வன்முறையைக் குறைப்பது ஒன்று, சீருடை ஒழுங்கு இன்னொன்று.

3. அந்த நோக்கத்தை வேறு மென்மையான வழியில் அடைய முடியுமா?

4. விலக்குக் கொடுத்தால் விதியே குலைந்துபோகுமா, கொஞ்சம் வளைந்து நிற்குமா?

இந்த நான்கில் எதற்கும் எந்தக் கடவுள் மெய்யானவர் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. நம் சாட்ஸ்வொர்த் வீட்டு முற்றத்தில் அண்ணன் தம்பி கேட்டுக்கொண்டவைதான், கொஞ்சம் விரிவாக.

மூக்குத்தித் தீர்ப்பின் கடைசிப் பகுதி செய்திகளில் அதிகம் வரவில்லை. மாணவர், பெற்றோர், ஆசிரியர் ஆகியோரோடு கலந்துபேசி நடத்தை விதியைத் திருத்தி எழுதும்படி நீதிமன்றம் பள்ளிக்குச் சொன்னது. விதியை நீதிபதிகளே எழுதித் தந்துவிடவில்லை. என் பார்வையில் முழுத் தீர்ப்பிலும் விலைமதிப்புள்ள வரி அதுதான்.

பட்டியல்கள் ஏன் பலிக்கவில்லை

இதே காலத்தில் அரசு வேறொரு பாதையையும் முயன்றது. 2001இல் கல்வித் துறை பத்து விழுமியங்களை வெளியிட்டது: ஜனநாயகம், சமத்துவம், உபுண்டு, பொறுப்புடைமை, மரியாதை, நல்லிணக்கம் என்று பட்டியல் நீளும். 2002இல் ஒழுக்க மறுமலர்ச்சி இயக்கம் தொடங்கியது. 2008இல் அது நல்விழுமியச் சாசனம் ஒன்றையும் வெளியிட்டது. ஒரு சொல்கூடத் தவறானதல்ல. இயக்கத்தை முன்னின்று நடத்திய துணைக் குடியரசுத் தலைவர் ஜேக்கப் சூமா, தன் நிதி ஆலோசகர் ஊழல் வழக்கில் தண்டிக்கப்பட்டதை அடுத்து, 2005 ஜூனில் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

பட்டியலுக்குக் கையும் காலும் கிடையாது. மரியாதையும் பொறுப்பும் மோதினால் எதை விடுவது என்று அது சொல்லாது. மீறியவரை யார் கேட்பது என்றும் சொல்லாது. எல்லோரும் தலையசைக்கும் சொல் எவரையும் கட்டுப்படுத்துவதில்லை. பொது நெறி உயிரோடு இருப்பது வழக்காடும் முறையில்: யார் வேண்டுமானாலும் முறையிடலாம், காரணம் சொல்லியாக வேண்டும், முடிவு பெரியவர்களையும் கட்டும். 2021 ஜூனில் அரசியலமைப்பு நீதிமன்றம் முன்னாள் குடியரசுத் தலைவர் ஆகிவிட்ட அதே சூமாவை நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறைக்கு அனுப்பியதை இந்தக் கோணத்திலும் பார்க்க வேண்டும்.

ஆனால் முறை மட்டும் போதுமா? அந்தச் சிறைவாசத்தை ஒட்டி ஜூலையில் குவாசூலு நேட்டாலிலும் ஹாவ்டெங்கிலும் வெடித்த கலவரத்தில் 350க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இனஒதுக்கல் காலத்தில் இந்தியருக்கென்று டர்பனில் கட்டப்பட்ட ஃபீனிக்ஸில், காவல் துறை கைவிட்ட நாட்களில், குடியிருப்பாளர்கள் சாலைத் தடுப்புகள் வைத்தார்கள். அந்தப் பகுதியில் 36 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ஃபீனிக்ஸில் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ மசூதிக்கோ குறைவில்லை. அரசியலமைப்பும் அங்கே செல்லுபடியாகும். இரண்டும் அந்த வாரம் காப்பாற்றவில்லை. நம்மவர் அஞ்சியதும் உண்மை, நம்மவர் கையால் உயிர்கள் போனதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது அறமாகாது.

அருகருகே வாழ்ந்தால் சரியாகிவிடும் என்ற பதிலும் முழுமையானதல்ல. காடோ மேனரில் இந்தியரும் ஆப்பிரிக்கரும் அருகருகேதான் வாழ்ந்தார்கள். 1949 ஜனவரிக் கலவரத்தில் டர்பனில் 142 பேர் மாண்டார்கள். அங்கே பலருக்கு இடையில் இருந்த உறவு நிலக்காரர், குடிக்கூலி கொடுப்பவர் என்ற உறவு, அல்லது கடைக்காரர், கடன்காரர் என்ற உறவு. சமமாக உட்கார்ந்து சேர்ந்து முடிவெடுத்த பழக்கம் மிகக் குறைவு. பள்ளி நிர்வாகக் குழு இன்று அதற்குக் கிடைத்திருக்கும் இடம். 1996 சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பெற்றோர் பிரதிநிதிகள் அதில் பெரும்பான்மை, நடத்தை விதியை எழுதுவதும் அந்தக் குழுதான். சூலு பேசும் தாயும் தமிழ்த் தாத்தாவின் பேரனும் ஒரே மேசையில் உட்கார்ந்து சீருடைக்கும் விரதநாளுக்கும் விதி எழுதுகிறார்கள். கோயில் நிர்வாகத்துக்குக் கொடுக்கும் அக்கறையில் பாதியை நம்மவர் இந்தக் குழுக்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மனிதரின் மாண்பில் தொடங்கும் நெறிக்கு விலங்குகளைப் பற்றிச் சொல்லத் தெரியாது என்ற குறையும் உண்டு. மாரியம்மனுக்கு ஆடு, கோழி பலியிடுவது பற்றி நம் குடும்பங்களுக்குள்ளேயே இரு கருத்து இருக்கிறது. ஒரு மதச் சடங்கில் இரண்டு ஒட்டகங்கள் வெட்டப்பட்டதிலிருந்து தொடங்கிய வழக்கில், 2016 டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் விலங்குகளும் வலியை உணரும் உயிர்கள் என்பதைக் கருதி, விலங்குவதைத் தடுப்புச் சங்கம் தனியே வழக்குத் தொடரலாம் என்றது. பலியே கூடாது என்று சொல்லவில்லை. அந்த விவாதம் இன்னும் திறந்தே கிடக்கிறது.

மீண்டும் தாலிக்கு

இப்போது திருமண முன்வடிவைப் படிக்கலாம். 1961 சட்டத்தின்படி இந்திய மதங்களின் குருமாரும் திருமண அதிகாரிகளாக நியமிக்கப்படலாம். அத்தகையவர் நடத்திப் பதிவு செய்தால் கோயில் கல்யாணம் முழுச் சட்ட மணம். பதிவு இல்லாவிட்டால் தாலி இருந்தும் சட்டத்தின் கண்ணில் அது திருமணம் அல்ல. 1998 சட்டம் பதிவில்லாத ஆப்பிரிக்க வழக்கத் திருமணங்களைக் காப்பாற்றியது, நம்முடையவற்றை அல்ல. கணவர் உயில் எழுதாமல் இறந்து, சொத்தில் பங்கில்லை என்று ஓர் இந்து விதவைக்குச் சொல்லப்பட்டபோது, அவரும் மனைவிதான் என்று டர்பன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. சர்ல் தீர்ப்பு வந்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் ஒரு பெண் அதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது.

முன்வடிவு தாலியைப் பற்றியோ அக்கினியைப் பற்றியோ கருத்துச் சொல்லவில்லை. அது கேட்பவை வேறு: இருவருக்கும் 18 வயது ஆகிவிட்டதா, இருவரும் மனமொப்பி வந்தார்களா, மணம் பதிவானதா? பலதார மணத்தையும் அது ஏற்கிறது என்பதால் தேவாலயங்களிலும் பெண்ணுரிமை அமைப்புகளிலும் கடுமையான வாதம் நடக்கிறது. முதல் மனைவியின் சம்மதமும் சொத்தும் எப்படிக் காக்கப்படும் என்பது நியாயமான கேள்வி. தமிழ்ச் சங்கங்களும் கோயில் குழுக்களும் அதில் குரல் கொடுக்க வேண்டும்.

அது சட்டமாகும் வரை 1961 விதியே நடப்பு. கோயிலில் நாள் குறிக்கும் குடும்பங்கள், மணம் நடத்தும் குருக்கள் நியமனம் பெற்ற திருமண அதிகாரிதானா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் உள்துறை அலுவலகத்தில் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே மணமாகிப் பதிவில்லாமல் இருக்கும் பெரியவர்கள், குறிப்பாகப் பாட்டிமார், உயில் எழுதி வைத்திருக்கிறார்களா என்று பிள்ளைகள் இந்த வாரமே விசாரிப்பது நல்லது.